வீட்டுக்கு ஜெனரேற்றர் போடுவது: மெயினை ஓஃப் பண்ணினால் போதாதா?

"மெயினை ஓஃப் பண்ணிப்போட்டு, ரெண்டு பக்கமும் பிளக் பூட்டின வயரை ஒரு பொயின்ற்றில செருகினால் முழு வீட்டுக்கும் கறண்ட் வரும். லைனுக்கும் ஜெனரேற்றருக்கும் இடையில் மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிச் எல்லாம் வீண் செலவு." ஜெனரேற்றர் வாங்கப்போகிறேன் என்று நான்கு பேரிடம் சொல்லிப் பாருங்கள், குறைந்தது ஒருவராவது இதைச் சொல்வார். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர் வீட்டில் அது வேலை செய்திருக்கும், லைற் எரிந்திருக்கும், ஃபிரிட்ஜ் ஓடியிருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் நடந்திருக்காது. அதனால்தான் இந்த ஆலோசனையை மறுத்துப் பேசுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

ஜெனரேற்றரின் தேவையை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வீதிகளில் ஒரு மரம் லைனில் சாய்ந்தால் போதும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை ஏறியது. 2022 இல் நாடே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் இருட்டில் கிடந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கால் முழு இலங்கைக்கும் கறண்ட் போனது. மீன் ஐஸ் வைத்திருப்பவர், கோழிப்பண்ணை போட்டிருப்பவர், இன்சுலின் ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் அம்மா என்று ஆளுக்கொரு காரணத்தோடு பெற்றோல் ஜெனரேற்றர் வாங்குகிறார்கள். வாங்குவது சரி. அதை வீட்டு வயரிங்கோடு சேர்க்கும் இடத்தில்தான் பேச்சு குழம்புகிறது.

இந்தக் குழப்பத்துக்கு எங்கள் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு ஜெனரேற்றர் புதிதில்லை. போர்க்காலத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மின்சார சபை லைன் என்ற ஒன்றே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தோம், பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டினோம், கோயில் திருவிழாவோ கலியாணவீடோ எல்லாமே ஜெனரேற்றர்தான். அப்போது வயரை எப்படி வேண்டுமானாலும் கொழுவலாம், ஏனென்றால் வீட்டுக்கு வெளியே போக லைன் கிடையாது. கைப்பழக்கம் அந்தக் காலத்தில் படிந்தது. இப்போது வாசலில் தூண் நிற்கிறது, மீற்றர் ஓடுகிறது, ஆனால் பழக்கம் மட்டும் மாறவில்லை.

கறண்ட் எந்தப் பக்கம் போகும்?

வயல்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து உங்கள் மடையால் வயலுக்குள் இறங்குகிறது என்று வையுங்கள். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தால் கிணற்றிலிருந்து பம்ப் போட்டு இறைக்கிறீர்கள். மடையை அடைக்காமல் இறைத்தால் என்ன நடக்கும்? உங்கள் பெற்றோலில் இறைத்த தண்ணீர் மடையால் வெளியே போய் ஊர் வாய்க்காலில் ஓடும். அங்கே வாய்க்கால் காய்ந்திருக்கிறது என்று நம்பி ஒருவர் இறங்கி நின்று சேறு அள்ளிக்கொண்டிருப்பார்.

வீட்டு வயரிங்கும் இப்படித்தான், ஒரு வித்தியாசத்தோடு. வாய்க்காலுக்கு மேடு பள்ளம் உண்டு, தண்ணீர் மேலே ஏறாது. வயருக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தூணிலிருந்து மீற்றருக்கு வரும் வயர், வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருவது போலவே உள்ளேயிருந்து வெளியேயும் கொண்டுபோகும். மீற்றர் தடுக்காது, சுமை கூடினால் விழும் பிரேக்கரும் தடுக்காது. ஜெனரேற்றர் தரும் 230 வோல்ற்றும் லைன் தரும் 230 வோல்ற்றும் வயருக்கு ஒன்றுதான். இப்படி வீட்டிலிருந்து லைனுக்குத் திரும்பிப் போகும் மின்சாரத்தை இந்தக் கட்டுரையில் பின்னோட்டம் என்று சொல்கிறேன்.

பின்னோட்டம் தூணோடு நின்றுவிட்டாலும் ஆபத்துத்தான், 230 வோல்ற் ஒருவரைக் கொல்லப் போதும். ஆனால் அது அதோடு நிற்பதில்லை. ஊர் முனையில் தூணில் தொங்கும் ட்ரான்ஸ்ஃபோமர் பெரிய லைனின் 33,000 வோல்ற்றைக் குறைத்து எங்களுக்கு 230 ஆகத் தருகிறது. அதற்குள் இருப்பது இரும்பில் சுற்றிய இரண்டு வகைச் செப்புச் சுருள்கள் மட்டுந்தான், எந்தப் பக்கத்தால் கொடுக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. இந்தப் பக்கத்தால் 230 கொடுத்தால் அந்தப் பக்கத்தில் 33,000 எழும். உங்கள் முற்றத்தில் டப டப என்று ஓடும் பெட்டியிலிருந்து, இரண்டு கட்டை தள்ளி மரம் வெட்டி லைன் இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய கைக்கு.

"என்ரை சின்ன ஜெனரேற்றர், அது ஊருக்கே கறண்ட் குடுக்குமோ?"

இது நல்ல கேள்வி, இதைக் கேட்பவரை முட்டாள் என்று ஒதுக்கக் கூடாது. உண்மைதான்: லைன் முழுதாக இருந்து, பக்கத்து வீடுகளில் ஃபானும் ஃபிரிட்ஜும் சுவிச் போட்டபடி கிடந்தால், உங்கள் 2 கிலோவாற் ஜெனரேற்றர் அத்தனை வீட்டுச் சுமையையும் இழுக்க முடியாமல் முக்கிக்கொண்டு நின்றுவிடும், அல்லது அதன் பிரேக்கர் விழும். பலர் இதை ஒரு தரம் பார்த்துவிட்டு "பயமில்லை, தானே நின்றுவிடும்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆனால் கறண்ட் ஏன் போனது என்று யோசியுங்கள். மரம் விழுந்து வயர் அறுந்திருக்கலாம், அல்லது ட்ரான்ஸ்ஃபோமர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு வேலை நடக்கலாம். அறுந்த துண்டில் உங்கள் வீடும் இன்னும் ஒன்றிரண்டு வீடும் மட்டும் மிஞ்சியிருந்தால் சுமை மிகக் குறைவு. அப்போது சின்ன ஜெனரேற்றர் நிற்காது, தாராளமாக ஓடும். அதாவது திருத்தவேலை நடக்கும் நேரத்தில்தான் பின்னோட்டம் தங்கி நிற்க வாய்ப்பு அதிகம். லைன் வேலைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, லைனை எர்த் பண்ணி, அதாவது நிலத்தோடு இணைத்துவிட்டுத்தான் கைவைப்பார் என்பதும் உண்மையே, அது அவர்களுடைய விதி. ஆனால் அவர் காலை பத்து மணிக்குச் சோதித்தபோது உங்கள் வீட்டில் ஜெனரேற்றர் ஓடவில்லை, பத்தேகாலுக்குத்தான் இழுத்து ஸ்ரார்ட் பண்ணினீர்கள். அப்புறம் அறுந்த வயரை முற்றத்திலிருந்து அகற்றப் போகும் பக்கத்து வீட்டு ஐயாவுக்கு எந்த விதியும் தெரியாது, "கறண்ட் இல்லைத்தானே" என்று தொடுவார்.

சரி, மெயினை ஓஃப் பண்ணினால்?

நேர்மையாகச் சொன்னால், மெயின் சுவிச் சரியான நிலையில் இருந்து, அதை ஓஃப் பண்ணியும் இருந்தால், பின்னோட்டம் போகாது. இதில் பொய் இல்லை. சிக்கல் என்னவென்றால் அந்தப் பாதுகாப்பு முழுதும் ஒருவருடைய ஞாபகத்தில் தொங்குகிறது. இரவு, மழை, கையில் ரோர்ச், பிள்ளை அழுகிறது, நீங்கள் வெளியூரில் நிற்கிறீர்கள், போனில் சொல்லிச் சொல்லித் தம்பி போடுகிறான். அல்லது எல்லாம் சரியாகச் செய்தபின், வேலையால் வந்த மாமா மெயின் கீழே கிடப்பதைக் கண்டு "ஓ, இது விழுந்துகிடக்குது" என்று தூக்கிவிடுகிறார்.

மெயின் போட்டபடி இருந்து லைனில் கறண்ட் திரும்பி வந்தால் இன்னொன்றும் நடக்கும். எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 தரம் திசை மாறி மாறி ஆடுவது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது ஒரு பக்கம் 325 வோல்ற் வரை ஏறி, மறு பக்கம் 325 வரை இறங்கும். 230 என்று நாங்கள் சொல்வது அதன் பயன்தரும் அளவு. ஜெனரேற்றரும் லைனும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்து ஆடுவதில்லை. அது உச்சியில் நிற்கும் கணத்தில் இது அடியில் நின்றால் இரண்டுக்கும் இடையில் 650 வோல்ற். அந்த மோதலில் தோற்கப்போவது தேசிய மின்தொகுதி அல்ல. ஜெனரேற்றரின் சுருள் எரியும், அதன் இயந்திரம் உதறும், பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் தீப்பொறி பறக்கும்.

இனி அந்த இரட்டைப் பிளக் வயருக்கு வருவோம். ஒரு முனை ஜெனரேற்றரில் இருக்க மறு முனை கழன்று விழுந்தால், பிளக்கின் வெறுங்கால்களில் 230 வோல்ற் நிற்கிறது. பிளக் என்பதை உலகமே ஒரு விதியோடுதான் செய்திருக்கிறது: கறண்ட் தரும் பக்கம் எப்போதும் ஓட்டை, வாங்கும் பக்கம் எப்போதும் கால். இரட்டைப் பிளக் அந்த விதியைத் தலைகீழாக்குகிறது. அப்படி ஒரு வயரை அநேகமாக யாரோ ஒருவர் கையால் முறுக்கித்தான் செய்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத விஷயம் ட்ரிப் சுவிச் பற்றியது. ட்ரிப் சுவிச் என்பது உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் காவல். ஒருவருடைய உடம்பு வழியாகக் கொஞ்சம் நிலத்துக்கு ஒழுகினால் கணக்கு இடிக்கும், உடனே விழுந்துவிடும். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் வித்தியாசத்துக்கு விழுவது. வழக்கமான வயரிங்கில் அது மெயினுக்கு அடுத்து, பிரேக்கர்களுக்கு முன்னால் இருக்கிறது. பிளக் பொயின்ற் வழியாகக் கறண்டை உள்ளே விட்டால் அது பிரேக்கருக்குள் பின்பக்கத்தால் ஏறி, அங்கிருந்தே மற்ற அறைகளுக்குப் பிரிந்துவிடும். ட்ரிப் சுவிச் வழியாக ஒரு துளி கூடப் போகாது. சுவரில் அது இருக்கும், மேலே தூக்கியபடியும் இருக்கும், ஆனால் எதையும் பார்க்காது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வயர் இரு பக்கமும் கொண்டுபோகும், ட்ரான்ஸ்ஃபோமர் இரு பக்கமும் வேலை செய்யும். மெயினை ஓஃப் பண்ணுவது ஞாபகம் இருக்கும் வரைக்கும்தான் பாதுகாப்பு, இரட்டைப் பிளக் வயர் அந்த ஞாபகம் இருந்தாலும் ஆபத்து.

முதல் வழி: வீட்டு வயரிங்கைத் தொடாமலே

என் கருத்தில் இங்கே சின்ன ஜெனரேற்றர் வைத்திருக்கும் முக்கால்வாசி வீடுகளுக்கு இதுவே போதும். ஜெனரேற்றரில் இருக்கும் பொயின்ற்றில் எக்ஸ்டென்ஷன் வயரைக் கொழுவி, ஃபிரிட்ஜ், ஒரு ஃபான், இரண்டு லைற், போன் சார்ஜர் ஆகியவற்றை நேரே அதில் போடுங்கள். வீட்டு வயரிங்கோடு சேரவே இல்லை, ஆகவே பின்னோட்டத்துக்கு வழியே இல்லை. பார்க்க வடிவாக இருக்காது, கால் தட்டும், கதவு முழுதாகப் பூட்டாது. பரவாயில்லை.

வயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ரேடியோவுக்கு வாங்கிய மெல்லிய வயரில் ஃபிரிட்ஜையும் மோட்டரையும் ஓட்டினால் வயர் சூடாகும், தூரம் கூடக் கூட வோல்ற்றும் விழும். 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செம்பு, முற்றத்தின் கோடிக்குப் போகும் நீளமென்றால் 2.5. சுருளில் வரும் வயரென்றால் முழுவதையும் விரித்துவிட்டுத்தான் பாவிக்க வேண்டும், சுற்றியபடியே சுமை கொடுத்தால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் உருகும். பிளக் சேரும் இடம் மழைத்தண்ணீர் தேங்கும் நிலத்தில் கிடக்கக் கூடாது.

இரண்டாம் வழி: சேஞ்ச்ஓவர் சுவிச்

முழு வீட்டுக்கும் வேண்டும், கிணற்று மோட்டரும் ஓட வேண்டும் என்றால் சேஞ்ச்ஓவர் சுவிச் போட வேண்டும். இது ஒரு கைபிடிக்கு மூன்று நிலை உள்ள சுவிச்: ஒரு பக்கம் லைன், மறு பக்கம் ஜெனரேற்றர், நடுவில் இரண்டும் இல்லை. உள்ளே இருக்கும் தொடுபுள்ளிகள் ஒரே தண்டில் பூட்டியவை. லைனைத் தொடும்போது ஜெனரேற்றரைத் தொட முடியாது, ஜெனரேற்றரைத் தொடும்போது லைனைத் தொட முடியாது. மறந்தாலும் முடியாது, மாமா வந்து தூக்கினாலும் முடியாது, குடித்துவிட்டுப் போட்டாலும் முடியாது. நீங்கள் காசு கொடுப்பது இந்த "முடியாது" என்பதற்குத்தான்.

இரண்டு தனித்தனி பிரேக்கரைப் பக்கத்தில் பூட்டி, "இதைப் போடும்போது அதைப் போடாதே" என்று பேனையால் எழுதிவைப்பது சேஞ்ச்ஓவர் அல்ல. அதைச் சேஞ்ச்ஓவர் என்று சொல்லிப் பூட்டிக் காசு வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு லைவ் வயர் வரும் ஒரு ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு முனை வெட்டும் சேஞ்ச்ஓவர் வேண்டும். வீட்டுக்கு வரும் இரண்டு வயரில் லைவ் என்பது வோல்ற்றைக் கொண்டுவருவது, நியூட்ரல் என்பது திரும்பிப் போகும் பாதை. லைவை மட்டும் மாற்றி நியூட்ரலை அப்படியே விட்டால், ஜெனரேற்றர் நியூட்ரல் வழியாக ஊர் லைனோடு ஒட்டியபடி இருக்கும். இரண்டையும் சேர்த்து வெட்ட வேண்டும். மூன்று லைவ் வயர் வரும் மூன்று ஃபேஸ் வீடென்றால் நான்கு முனை. அந்த வீட்டில் ஒரு ஃபேஸ் ஜெனரேற்றர் போட்டால் மூன்று ஃபேஸ் மோட்டர் ஓடாது, அதை எலக்ரீஷியனோடு முதலே பேசிக்கொள்ளுங்கள்.

சுவிச் பூட்டும் இடம் மீற்றருக்குப் பிறகு, ட்ரிப் சுவிச்சுக்கு முன்னால். அப்போது ஜெனரேற்றர் கறண்டும் ட்ரிப் சுவிச் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். மீற்றரும் அதன் சீலும் மின்சாரம் தரும் நிறுவனத்துடையவை, எலக்ரீஷியன் என்றாலும் சீலை உடைக்கக் கூடாது. ஜெனரேற்றர் பக்கத்து வயர் வெளிச்சுவரில் ஒரு இன்லெற்றில் முடியும். இன்லெற் என்றால் கால்கள் கிண்ணம் போன்ற மூடிக்குள் அடங்கியிருக்கும் ஒரு வாய். ஜெனரேற்றரிலிருந்து வரும் வயரின் முனையில் ஓட்டை, சுவரில் கால். மேலே சொன்ன விதி இப்போது சரியாக நிற்கிறது: கழன்று விழுந்தாலும் தொடுவதற்குக் கறண்டுள்ள கால் எங்கேயும் இல்லை.

பாவிக்கும் ஒழுங்கும் லேசானது. முதலில் எல்லா பிரேக்கரையும் கீழே தள்ளுங்கள், சேஞ்ச்ஓவரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், ஜெனரேற்றரை ஸ்ரார்ட் பண்ணி ஒன்றிரண்டு நிமிடம் ஓட விடுங்கள், அப்புறம் ஜெனரேற்றர் பக்கம் திருப்பி பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். லைன் வந்ததும் அதே வழியில் திரும்பி வாருங்கள். லைன் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், லைன் பக்கத்தில் ஒரு சின்ன இண்டிகேற்றர் லைற் பூட்டச் சொன்னால் சொற்பச் செலவுதான்.

எர்த், பலரும் விட்டுவிடும் இடம்

எர்த் என்பது பிழை நடந்தால் மின்சாரம் உடம்பால் போகாமல் நிலத்துக்குப் போகச் செய்யும் பாதை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தில் அடித்த எர்த் கம்பி இருக்கிறது, ஊர் நியூட்ரலை ட்ரான்ஸ்ஃபோமரடியில் நிலத்தோடு இணைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஃபிரிட்ஜின் உடம்பில் லைவ் பட்டால் மின்சாரம் நிலத்தால் ஓடித் திரும்புகிறது, ட்ரிப் சுவிச்சும் கண்டுபிடித்து விழுகிறது.

சின்ன ஜெனரேற்றர்கள் பலவற்றில் இந்த நியூட்ரல்-நிலத் தொடர்பு கிடையாது, இரண்டு வயரும் எதிலும் சேராமல் மிதக்கின்றன. எக்ஸ்டென்ஷன் வயரில் ஒன்றிரண்டு பொருள் மட்டும் ஓட்டும்போது இது கெடுதல் இல்லை, முதல் பிழைக்கு மின்சாரம் திரும்பப் பாதையே இல்லை. ஆனால் முழு வீட்டு வயரிங்கையும் அதில் கொழுவினால் கதை மாறுகிறது. எங்கோ ஒரு பழுது சத்தமில்லாமல் கிடக்கும், ட்ரிப் சுவிச் விழாது, இரண்டாவது பழுது வரும் நாளில் யாரோ அதில் கைவைத்திருப்பார்.

"நான் ரெஸ்ற் பட்டனை அமத்திப் பார்த்தனான், விழுந்தது" என்பார்கள். அந்தப் பட்டன் சுவிச்சுக்குள்ளேயே லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு சின்ன ஒழுக்கை உண்டாக்கிப் பார்க்கிறது. சுவிச்சின் பொறி வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி, எர்த் இருக்கிறது என்பதற்குச் சாட்சியல்ல. எர்த் கம்பியையே பிடுங்கி எறிந்தாலும் பட்டனுக்குச் சுவிச் விழும். ஆகவே சேஞ்ச்ஓவர் போடும்போது ஜெனரேற்றரின் நியூட்ரலை எங்கே, எப்படி நிலத்தோடு இணைப்பது என்பதை எலக்ரீஷியன் தீர்மானித்து, அளந்து காட்ட வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் கோடையில் எர்த் கம்பி அடித்த இடம் காய்ந்து கிடக்கும், அங்கே இந்த அளவு வெகுவாகக் கெடும். கம்பி ஆழமாகப் போயிருக்கிறதா என்று கேளுங்கள்.

எதை ஓட்டலாம்?

பெட்டியில் 2.5 கிலோவாற் என்று பெரிதாக ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள், அது அநேகமாகக் கொஞ்ச நேரம் தரக்கூடிய உச்சம். தொடர்ந்து தரக்கூடியது எவ்வளவு என்பது உள்ளே சின்னத் தகட்டில் இருக்கும். கே.வி.ஏ. என்று போட்டிருந்தால் அதை 0.8 ஆல் பெருக்கிக் கிலோவாற் என்று எடுத்துக்கொண்டால் பாதுகாப்பு.

எல்.ஈ.டி. லைற் 10 வாற்றுக்குள், சீலிங் ஃபான் 70 வாற் மட்டில், வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 மட்டில். கேத்தில் 2,000 வரை கேட்கும், ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பதற்காக ஜெனரேற்றரின் மூச்சை நிறுத்துவதை விட விறகடுப்பு எவ்வளவோ மேல். மோட்டர் உள்ள பொருட்கள்தான் ஏமாற்றும். 1 குதிரைவலுக் கிணற்று மோட்டர் ஓடும்போது 1,000 வாற்றுக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும், ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல நாலைந்து மடங்கு அம்பியரை இழுக்கும். ஆகவே பெரியதை முதலில் போடுங்கள், அது சீராக ஓடத் தொடங்கியபின் மற்றவை. லைற்றெல்லாம் மங்கி மங்கி எரிந்தால் ஜெனரேற்றர் திணறுகிறது, ஃபிரிட்ஜ் மோட்டர் உள்ளே சூடேறிக்கொண்டிருக்கிறது, ஏதாவது ஒன்றை நிறுத்துங்கள்.

புகை

வயரிங் சரியாக இருந்தும் ஆட்கள் சாவது இதில்தான். பெற்றோல் எரிந்து வரும் புகையில் காபன் மொனொக்சைட் என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைக் கொண்டு திரியும் பொருளோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் ஒட்சிசனுக்கு அங்கே இடமில்லை. தலையிடி, ஓங்காளம், கிறுதி, அவ்வளவுதான் அறிகுறி. நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது.

மழை என்றால் ஜெனரேற்றரை விறாந்தைக்கு இழுத்து வைப்பது எங்கள் வீடுகளில் நடக்கிற காரியம். கள்ளர் பயத்தில் குசினிக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிடுபவர்களும் உண்டு. கதவு, யன்னல் திறந்திருப்பது போதாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பாராமல், நாலு கால் நட்டு மேலே தகரம் போட்டு, பக்கங்களை அடைக்காமல் வைக்க வேண்டும். கள்ளருக்குச் சங்கிலி போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கீழே போன காலத்தில் எஞ்சின் பம்ப்பைக் கிணற்றுக்குள் தட்டு அடித்து இறக்கி ஓட விடுகிறார்களே, அதுவும் இதே கொலைகாரன்தான். நின்றுபோன எஞ்சினைப் பார்க்க ஒருவர் இறங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார்.

பெற்றோல் விடுவது எஞ்சின் நின்று ஆறிய பிறகு. இதை எல்லோரும் அறிவார்கள், இருட்டில் அவசரத்தில் மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

கூரையில் சோலர் இருந்தால்

"கூரை நிறையச் சோலர், கறண்ட் போனால் வீடு இருட்டு, இது என்ன கூத்து?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. லைனோடு சேர்ந்து ஓடும் சோலர் இன்வேற்றர், லைனில் கறண்ட் போனதும் தானே நின்றுவிடும்படி செய்யப்பட்டது. காரணம் வேறொன்றுமில்லை, மேலே இவ்வளவு நேரம் பேசிய அதே பின்னோட்டந்தான், அதே தூணில் நிற்கும் அதே மனிதர்தான். இன்வேற்றருக்கு அந்தப் புத்தியை உள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள், ஜெனரேற்றருக்கு வைப்பதில்லை, அந்த வேலையைச் சேஞ்ச்ஓவர் செய்கிறது. சோலர் உள்ள வீட்டில் சேஞ்ச்ஓவர் பூட்டினால், ஜெனரேற்றர் ஓடும்போது சோலர் அதன் பக்கம் சேராதபடி பிரித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்வேற்றர் ஜெனரேற்றரை லைன் என்று நினைத்து அதற்குள்ளேயே கறண்டைத் தள்ளப் பார்க்கும்.

வேலை முடிந்ததும் பார்க்க வேண்டியது

எலக்ரீஷியன் பூட்டி முடித்துவிட்டார், லைனில் கறண்ட் இருக்கிறது, ஜெனரேற்றர் நிறுத்தி வைத்திருக்கிறது. இப்போது அவர் நிற்கும்போதே சேஞ்ச்ஓவரை ஜெனரேற்றர் பக்கம் திருப்பிவிட்டு வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு லைற்றையும் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு பொயின்ற்றிலும் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், கிணற்றடி மோட்டரையும் பின்வளவில் பிறகு இழுத்த லைனையும் மறக்க வேண்டாம். எல்லாம் செத்துக் கிடக்க வேண்டும். எங்காவது ஒரு லைற் எரிந்தால் அந்த வயர் சேஞ்ச்ஓவரைச் சுற்றிக்கொண்டு லைனுக்குப் போகிறது என்று அர்த்தம், எலக்ரீஷியனுக்குத் தேத்தண்ணி கொடுங்கள், காசை இன்னும் கொடுக்காதீர்கள்.